வர்ணத்துக்கு அடியில்

என் தகப்பனார் விட்டுச் சென்ற சொத்துக்களில் சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல் என் கைக்கு வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். அதற்குக் காரணம் என் சகோதரர்களின் பெருந்தன்மை அல்ல. அந்தக் காரை வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான்.

இளநீல வர்ணம், இரண்டே கதவுகள். முன்பக்க மூடியைத் தூக்கினால் மட்கார்டுகளோடு சேர்ந்து மூக்கு முழுவதுமே மேலே எழும். சிறு வயதில் எனக்கு அது முதலை வாயைத் திறப்பது போல இருக்கும். அப்பா அந்த வாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எதையாவது திருகிக்கொண்டிருப்பார். அவர் காலமான பிறகு வண்டி பல வருஷம் கொட்டகையில் கிடந்தது. மூன்று வருஷங்களுக்கு முன்னால் எனக்கு ஏதோ ஒரு வேகம் வந்து, அதைப் புதுப்பித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஊரில் பெயர் சொல்லும்படியான ஒரு பட்டறையில் விட்டேன். எந்தப் பட்டறை என்று சொல்ல வேண்டாம். கேட்ட பணத்தைக் கொடுத்தேன். சொன்ன தேதியில் வண்டியைக் கொடுத்தார்கள். இந்த இரண்டும் ஒரே பட்டறையில் நடப்பது அபூர்வம் என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள். வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் சற்று அசட்டுப் பெருமையோடு அதன் பக்கத்தில் நின்றேன்.

ஐப்பசி மழை வந்தது, போயிற்று. தை மாதம் ஒரு காலை, கதவின் அடிப்பக்கத்தில் கடுகு மாதிரி சிறு சிறு கொப்புளங்கள் தெரிந்தன. அம்மை போட்ட குழந்தையின் முதுகைப் போல இருந்தது. கட்டை விரலால் ஒன்றை அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

பிறகு புதுப்பேட்டைப் பக்கம் ஒரு வயதான மேஸ்திரியைத் தேடிப் பிடித்தேன். அவர் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, கதவின் மேல்பாதியில் வைத்தார். பிடித்துக்கொண்டது. கீழே நகர்த்தினார். ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தது. இன்னும் நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்தார், விழுந்துகொண்டே இருந்தது.

“தகடு இருந்தாத்தானே சார் காந்தம் பிடிக்கும்? கீழ்ப்பக்கம் பூரா பட்டி. துருவை எடுக்காம அதுக்கு ஒரு போர்வை போத்தி அனுப்பியிருக்காங்க” என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கோபம் தணிந்த பிறகு ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. இரும்பு துருப்பிடிக்கும் என்பது கார் பிறப்பதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே மனிதனுக்குத் தெரியும். அப்படியிருக்க, இத்தனை வருஷமாகக் கார் செய்கிறவர்கள் அதற்கு என்ன செய்தார்கள்? இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நாவல் எழுதுகிறவனுக்கு இது வேண்டாத வேலைதான். ஆனால் படிக்கப் படிக்க, இது இரும்பைப் பற்றிய சரித்திரம் மட்டும் அல்ல என்று தோன்றியது.

முதலில் துரு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். மண்ணிலிருந்து தாதுவை வெட்டி எடுத்து, உலையில் போட்டு, அதிலிருக்கும் பிராணவாயுவைப் பிரித்து இரும்பாக்குகிறோம். தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் இரும்பு மறுபடியும் பிராணவாயுவோடு கூடிக்கொண்டு பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கிறது. உப்பு சேர்ந்தால் அந்தக் காரியம் இன்னும் வேகமாக நடக்கிறது. அலுமினியத்தின் மேல் உண்டாகும் படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்பின் துரு அப்படியில்லை. அது பொருபொருவென்று, நீரை உறிஞ்சிக்கொள்வது. அதோடு, துருப்பிடித்த இரும்பு முன்னைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. வர்ணத்துக்கு அடியில் ஓர் அணு அளவு துரு இருந்தாலும் அது வீங்கி, வர்ணத்தைத் தூக்கி, அந்தச் சந்தில் மேலும் தண்ணீரை வரவழைத்துக்கொள்ளும். என் கதவில் கண்ட கொப்புளம் இதுதான்.

இரும்பு என்றால் துருப்பிடித்தே தீர வேண்டுமா என்று கேட்டால், உடனே எல்லோரும் தில்லி இரும்புத் தூணைக் காட்டுவார்கள். குதுப்மினார் வளாகத்தில், சுமார் 7 மீட்டர் உயரத்தில், குப்தர் காலத்திலிருந்து ஏறக்குறைய 1,600 வருஷமாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து உலையில் கரியைக் கொண்டு எடுத்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாகத் தங்கிவிட்டது. நாளடைவில் அது தூணின் மேல் ஒரு மெல்லிய பாஸ்பேட் படலத்தை உண்டாக்கிக் காப்பாற்றி வருகிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பாஸ்பேட் என்ற இந்தச் சொல்லை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வரும்.

ஆரம்ப காலத்துக் கார்களுக்குத் துருவைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. ஏனென்றால் அவை பாதிக்கு மேல் மரம். சாரட்டு வண்டி செய்து பழகிய தச்சர்கள் மரச்சட்டம் கட்டி, அதன் மேல் பலகையோ தகடோ அறைந்தார்கள். வர்ணம் பூசுவதும் சாரட்டு வண்டிக்காரர்களின் முறைதான். அடிப்பூச்சு, அதன் மேல் நிரப்புப் பூச்சு, நுரைக்கல்லால் தேய்ப்பு, மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு, கடைசியில் வார்னிஷ் என்று இருபது பூச்சு வரை போகும். ஒவ்வொன்றும் காய வேண்டும். ஒரு வண்டி வர்ணக் கொட்டகைக்குள் போனால் வாரக்கணக்கில் வெளியே வராது. அந்தப் பூச்சின் அழகு அலாதியானது. அதைவிட முக்கியம், அத்தனை பூச்சுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்பது பூசுகிற மனிதனுக்குத் தெரியும். அவன் அதை ஒவ்வொரு நாளும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபோர்டு மாடல்-டி வந்ததும் இந்தப் பொறுமைக்கு இடமில்லாமல் போயிற்று. 1914 முதல் 1925 வரை அந்தக் கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே செய்யப்பட்டது. தார் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளைக் கரைத்துப் பூசி, அடுப்பு போன்ற அறையில் வைத்துச் சுட்டார்கள். அது மலிவு, கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் அதைச் செய்ய முடியாது. அவ்வளவுதான் சங்கதி.

அதே 1914ல் இன்னொரு காரியம் நடந்தது. பிலடெல்பியாவில் எட்வர்டு பட் என்பவர் மரச்சட்டமே இல்லாமல், எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி எடுத்து ஒன்றோடொன்று பற்றவைத்துக் காரின் உடலைச் செய்யலாம் என்று காட்டினார். டாட்ஜ் சகோதரர்கள் தங்கள் புதிய காருக்கு ஆயிரக்கணக்கில் அவரிடம் வாங்கினார்கள். இரும்பு உடல் என்றால் அடுப்பில் வைத்துச் சுடலாம். மரம் கருகிவிடுமே என்ற பயம் இல்லை. பத்து வருஷத்துக்குள் வேறொரு துணையும் வந்து சேர்ந்தது. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு வெடிமருந்து வியாபாரம் படுத்துப்போன டூபாண்ட் கம்பெனி, அந்த வெடிமருந்துக்கு மிக நெருங்கிய உறவான ஒரு பஞ்சுச் சரக்கிலிருந்து சீக்கிரம் காயும் வர்ணம் ஒன்றைத் தயாரித்தது. அதற்கு ‘டியூக்கோ’ என்று பெயர். 1923ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன்னுடைய ஓக்லண்டு கார்களில் அதைப் பூசியது. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஏக்கர் கணக்கில் கூரை போட்டுக் கார்களைக் காய வைத்துக்கொண்டிருந்த முதலாளிகளுக்கு எத்தனை ஆனந்தமாக இருந்திருக்கும்!

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம் வருகிறது. மேலே பளபளப்பது சுலபமாகிவிட்டது; அடியில் இருப்பதைப் பற்றிய சிரத்தை குறைந்துவிட்டது. நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் அடிப்பூச்சைப் பார்க்கவா போகிறார்கள்?

அடிப்பூச்சைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பர்மிங்ஹாம் நகரத்து தாமஸ் வாட்ஸ் காஸ்லெட். 1906ல் அவர் ஒரு பேடண்ட் வாங்கினார். பாஸ்பாரிக் அமிலத்தில் இரும்புத் தூளைக் கரைத்து, அந்தக் கொதிக்கிற கரைசலில் இரும்புச் சாமானைப் போட்டு வைத்தால் அதன் மேல் பாஸ்பேட் படலம் ஒன்று உண்டாகிறது. அது துருவைத் தடுப்பதோடு, மேலே பூசும் வர்ணத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தில்லித் தூணைப் பற்றி அவர் நினைத்திருக்க நியாயமில்லை. ஆனால் குப்தர் காலத்துக் கொல்லனுக்குத் தெரியாமலே நேர்ந்த காரியத்தை அவர் தெரிந்து செய்தார். அவருடைய முறையில் மணிக்கணக்கில் ஊற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பார்க்கர் குடும்பத்தார் இந்த உரிமைகளை வாங்கி, 1915ல் டெட்ராய்ட் நகரில் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1930களில் அது நிமிஷக் கணக்கில் முடியும் வேலையாகி, கார்த் தொழிற்சாலைகளுக்குள் புகுந்தது. இன்றைக்குத் தெருவில் ஓடும் ஏறக்குறைய எல்லாக் கார்களும் வர்ணத்துக்கு முன்னால் இந்த வகைக் குளியல் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் வருகின்றன.

அந்தச் சமயத்தில் அது மிகவும் தேவையாகவும் இருந்தது. 1922ல் இத்தாலியில் லான்சியா லாம்ப்டா, 1934ல் பிரான்ஸில் சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான் என்று, அடியில் தனிச் சட்டமே இல்லாத கார்கள் வரத் தொடங்கின. முட்டை ஓடு எப்படித் தன் பலத்தைத் தானே சுமக்கிறதோ அப்படி, உடலே சட்டமாகவும் இருக்கும் அமைப்பு அது. நம் ஊரில் 2014 வரை தயாரான அம்பாஸிடரும் அந்த ஜாதிதான். எடை குறைவு, விலை குறைவு, லாபம் அதிகம். ஆனால் ஒரு விபரீதம் உண்டு. தனிச் சட்டம் உள்ள காரில் தகடு துருப்பிடித்தால் கார் அவலட்சணமாகும். உடலே சட்டமான காரில் தகடு துருப்பிடித்தால் கார் ஒரு நாள் மடங்கிவிடும். அதாவது, கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்ற அளவில் இருந்த துரு, உயிருக்கு ஆபத்து என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இந்த ஆபத்துக்கு எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தது போல வந்தது சாலை உப்பு. பனி உறையும் தேசங்களில், சாலையில் உப்பைத் தூவினால் பனி உருகும். 1940ல் டெட்ராய்ட் நகரம் இந்த வேலையை ஆரம்பித்து வைத்தவற்றுள் ஒன்று. அங்கே உப்புக்குப் பஞ்சமில்லை. நகரத்தின் அடியிலேயே, 1,000 அடிக்கும் கீழே, ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. உலகத்துக்கே கார் செய்து கொடுத்த நகரம், அந்தக் கார்களைத் தின்னும் பண்டத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது! 1959ல் கர்ட் ஜீபார்ட் என்ற ஜெர்மன் மெக்கானிக் அதே டெட்ராய்ட்டில் கடை திறந்து, புதிய கார்களின் கதவுக்குள்ளும் சட்டத்தின் பொந்துகளுக்குள்ளும் மெழுகு போன்ற ஒரு சரக்கைப் பீய்ச்சியடித்துக் காசு வாங்கினார். தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக்காரை நேரே அவரிடம் கொண்டுபோய் மறுபடியும் பாதுகாக்க வேண்டியிருந்தது என்றால், தொழிற்சாலையில் செய்த பாதுகாப்பு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பட்டியின் கதையும் இந்தக் காலத்ததுதான். அதற்கு முன்னால், தகட்டில் பள்ளமோ இணைப்போ இருந்தால் ஈயத்தை உருக்கிப் பூசி, அரத்தால் ராவிச் சமப்படுத்துவார்கள். நம் தெருக்களில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர்கள் பூசியது வெள்ளீயம். காருக்குப் பூசியதில் பெரும்பகுதி காரீயம். ஈயம் பிடிக்க வேண்டுமானால் அடியில் சுத்தமான, உறுதியான தகடு இருந்தே ஆக வேண்டும். துருவின் மேல் ஈயம் நிற்காது. 1950களில் ரசாயனப் பிசினில் மாவுக்கல் கலந்த பட்டி வந்தது. அது எதன் மேலும் நிற்கும். காகிதத்தைச் சுருட்டி ஓட்டையை அடைத்து அதன் மேல் பூசினாலும் நிற்கும், ஒரு மழைக்காலம் வரைக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று நம்முடைய பாட்டிகள் சொன்னார்கள். பட்டியில் மறைக்கலாம் என்று மோட்டார்ப் பட்டறைகள் கண்டுபிடித்துவிட்டன.

ஆனால் பட்டறைகளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. 1980ல் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். லான்சியா பீட்டா என்ற நாகரிகமான கார். அதன் என்ஜினைத் தாங்கும் சட்டம் உடலோடு சேரும் இடத்தில் துருப்பிடித்து இற்றுப்போவது அம்பலமாயிற்று. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. கம்பெனியார் சொந்தக்காரர்களிடமிருந்து கார்களைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயர் பிரிட்டனில் தலை நிமிரவே இல்லை. 1994ல் கடையைக் கட்டினார்கள். எத்தனையோ பந்தயங்களில் ஜெயித்த பெயரை, யாருக்கும் தெரியாத மூலையில் இருந்த துரு தின்றுவிட்டது.

நல்ல வழியும் தெரியாமல் இல்லை. இரும்புக்குத் துத்தநாகப் பூச்சுப் போடும் முறைக்கு 1837லேயே பிரான்ஸில் சோரெல் என்பவர் பேடண்ட் வாங்கிவிட்டார். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னைப் பலி கொடுத்துக்கொள்ளும். ஆனால் காரின் உடலுக்கு அப்படிப்பட்ட தகட்டை முழுமையாகப் பயன்படுத்த போர்ஷே கம்பெனிக்கு 1975 வரை ஆயிற்று. இதற்கிடையில் 1960களின் தொடக்கத்தில் ஃபோர்டு கம்பெனியில் ஜார்ஜ் புரூவர் என்ற ரசாயன நிபுணர் ஓர் அருமையான யோசனையைச் செய்து காட்டினார். பெரிய தொட்டியில் அடிப்பூச்சுச் சாயத்தை நீரில் கலந்து நிரப்பி, காரின் உடலை முழுவதுமாக அதில் முழுக்காட்டி, மின்சாரத்தைச் செலுத்த வேண்டியது. சாயம் தானாகவே தகட்டைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பூசுகிறவன் கை எட்டாத பொந்துகளிலும் மூலைகளிலும்கூட ஒட்டும். 1970களின் நடுவில் மின்சாரத்தின் திசையை மாற்றி இதை இன்னும் மேம்படுத்தினார்கள். அந்தப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். இன்றைய கார்கள் நம் அப்பாக்களின் கார்களைவிட மெல்லிய தகட்டில் செய்யப்பட்டும் அதிக நாள் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதுவரை இரும்பைக் காப்பாற்றிய கதையைச் சொன்னேன். அதைக் காப்பாற்றிய மனிதர்களை யார் காப்பாற்றினார்கள் என்பது வேறு கதை. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

துருவை எடுக்கும் வழிகளிலெல்லாம் வேகமானது மணலைக் காற்றோடு வேகமாக அடிப்பது. 1870ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்க்மன் அதற்குப் பேடண்ட் வாங்கினார். அந்த மணல் இரும்பில் மோதித் தூளாகும்போது எழும் தூசு நுரையீரலில் போய்ப் படிந்துகொள்கிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்த வியாதிக்கு மருந்து கிடையாது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் போகும். மணலை அப்படி உபயோகிக்கக் கூடாது என்று பிரிட்டனில் 1949ல்தான் விதி வந்தது. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சுகளில் சிறந்தது என்று பெயர் எடுத்தது ஈயச் செந்தூரம். அதைச் சுரண்டியவர்களையும் பூசியவர்களையும் ஈய விஷம் தாக்கியது. அதற்குப் பிறகு வந்த மஞ்சள் நிறத் துத்தநாகக் குரோமேட், இரண்டாம் உலக யுத்தத்தின் விமானங்களையெல்லாம் காத்தது; அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. காரின் நோயை மனிதனுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி என் காருக்கு வருகிறேன். ஹெரால்டு லண்டனில் 1959ல் அறிமுகமான வண்டி; இத்தாலியரான மைக்கெலாட்டி அதன் வடிவத்தை வரைந்தார். 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த தொழிற்சாலையில் நம்மவர்களும் அதைச் செய்தார்கள். அதற்குள் மற்ற கம்பெனிகளில் பல தனிச் சட்டத்தைக் கைவிட்டிருந்தன. ஆனால் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையை 1953ல் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், பழைய மாதிரி சட்டம் ஒன்றைப் போட்டு, பல இடங்களில் செய்த உடல் பாகங்களைத் திருகாணியால் முடுக்கிச் சேர்த்தார்கள். ஏழ்மையால் நேர்ந்த இந்த ஏற்பாடு எனக்கு அதிர்ஷ்டமாயிற்று. துருப்பிடித்த பாகத்தைக் கழற்றலாம். உடலையே சட்டத்திலிருந்து தூக்கிவிடலாம்.

மேஸ்திரி தூக்கினார். பட்டியை உரித்ததும் கதவுகளின் அடி, பெட்டித் தளம், உடலைத் தாங்க இருபுறமும் சட்டத்திலிருந்து நீளும் கைகள் எல்லாம் அப்பளமாக இருந்தன. சட்டத்தை மட்டும் வெளியே அனுப்பி, மணலுக்குப் பதிலாகக் கார்னெட் என்னும் செந்நிறக் குருணையை அடிக்கச் செய்தார். நம் தென்பாண்டிக் கடற்கரையிலும் கிடைக்கும் சரக்கு அது. மெல்லிய தகடுகளுக்கு அந்த முறையே கூடாது என்றார். வேகத்திலும் சூட்டிலும் தகடு அலையலையாக நெளிந்துவிடுமாம். அவற்றைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் ராவி, குழிகளில் மிஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் தடவினார். காஸ்லெட்டின் 1906ஆம் வருஷத்து யோசனை, புதுப்பேட்டையில் ஒரு பழைய பெயிண்டு டப்பாவில் இருந்தது. கை எட்டாத சில இடுக்குகளில் மட்டும் டானின் கலந்த ஒரு திரவத்தை விட்டார். சிவப்பாக இருந்த துரு சிறிது நேரத்தில் கருநீலமாக மாறிற்று. எனக்கு அது பழைய விஷயமாகப் பட்டது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர்கள் மை காய்ச்சினார்களே, அதே ரசாயனம்தான். இங்கே அன்னபேதிக்குப் பதில் துரு.

வேலை செய்யும்போது மேஸ்திரி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டார். நான் நல்ல சுவாசக் கவசங்கள் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைத் தம்முடைய பையனுக்குப் போட்டுவிட்டார். மற்றொன்றை முதல் நாள் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்; படித்ததையெல்லாம் சொல்லிக் கொஞ்சம் பயமுறுத்திய பிறகு போட்டுக்கொண்டார்.

அமிலத்தைக் கழுவித் துடைத்து உலர்த்தியதும் ஒரே அவசரம். வெறும் தகடு சென்னையின் கடல் காற்றில் ஒரு ராத்திரி இருந்தால் மஞ்சள் பூத்துவிடும். பையன் தெரியாமல் ஒரு கதவை வெறுங்கையால் தொட்டுவிட்டான். மறுநாள் அவனுடைய ஐந்து விரல்களும் அங்கே துருவால் அச்சடித்தது போலத் தெரிந்தன. வியர்வை உப்பின் வேலை. மேஸ்திரி திட்டவில்லை. அந்த இடத்தை மறுபடியும் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு, “இப்போ தெரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டார்.

அடிப்பூச்சு எது என்பதில் எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிறோமே, அந்த ரெட் ஆக்சைடுதான் எனக்குத் தெரிந்தது. அதன் சிவப்பும் இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த ஒரு பொருள்தான். துருவின் உறவுக்காரன், ஆனால் இனிமேல் மாறுவதற்கு ஒன்றுமில்லாமல் அடங்கிப்போனவன். காருக்கு அது போதாது, நீர் உள்ளே இறங்கும் என்று சொல்லி, இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமரை அவர் அடித்தார். இணைப்புகளில் பசையை அடைத்து, பொந்துகளுக்குள் மெழுகைப் பீய்ச்சினார்.

நடுவில் ஒரு நாள், டிரைவர் ஆசனத்துக்கு முன்னால் இருந்த தளத்தகட்டை வெட்டி எடுத்து, “வேணுமா சார்?” என்று நீட்டினார். அப்பாவின் கால் முப்பது வருஷம் அதன் மேல்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2009ல் மஜோரே ஏரியின் அடியிலிருந்து ஒரு புகாட்டி காரை எடுத்தார்கள். 1925ஆம் வருஷத்து வண்டி. எழுபது வருஷத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தது. அதை வாங்கிய பொருட்காட்சிக்காரர்கள் துருவை எடுக்கவில்லை. புது வர்ணம் பூசவில்லை. வந்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். துருவும் அந்தக் காரின் சரித்திரம் என்று அவர்கள் நினைத்தது போலத் தோன்றுகிறது. நானும் அப்படி விட்டிருக்க வேண்டுமோ? ஒவ்வொரு தகடாக வெட்டி மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது அப்பாவின் கார்தானா?

மறுநாள் மேஸ்திரியிடம் இதைக் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“ஓட்டப் போறீங்களா, வெச்சுப் பார்க்கப் போறீங்களா?” என்றார்.

“ஓட்டத்தான்.”

“அப்போ மாத்தித்தான் ஆகணும்.”

ஏரிக்குள்ளிருந்து வந்த காருக்கு இனிமேல் ஓட வேண்டிய அவசியம் இல்லை. அப்பா என்னிடம் விட்டுப்போனது ஓடுகிற வண்டி. இப்படித்தான் என் மனத்தைச் சமாதானம் செய்துகொண்டேன்.

அடிப்பூச்சு முடிந்து மூன்று நாள் கார் சாம்பல் நிறத்தில் நின்றது. நான் போனபோது மேஸ்திரி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“உக்காந்து நல்லாப் பாத்துக்குங்க சார். நாளைக்குக் கலர் அடிச்சிட்டா, நான் நாலு மாசம் செஞ்ச வேலை ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது.”

உட்கார்ந்து பார்த்தேன். பளபளப்பு இல்லை, தெருவில் போகிற ஒருவரும் நிற்கவில்லை. காஸ்லெட்டும் புரூவரும், பெயர் தெரியாமல் மூச்சு முட்டிப் போன மணல்காரர்களும், இந்த மேஸ்திரியும் செய்த வேலையெல்லாம் இந்தச் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசிகள் வந்து போயின. தை பிறந்ததும் ஒரு காலையில் நான் காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கதவின் அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இந்த வருஷமும் பார்த்தேன். விரல் உள்ளே போகவில்லை.